அஞ்சாலைக்கு அஞ்சலாமா?

பாம்பு போன்ற உடல். ஊசி போன்ற பல். தொண்டைக்குள் இன்னொரு வாய்!

பொதிகை மலையில் பிறக்கிறது தாமிரபரணி. பாபநாசத்தில் கீழே இறங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, நெல்லை, ஸ்ரீவைகுண்டம் என்று வழியெல்லாம் வயலுக்குத் தண்ணீர் கொடுத்து விட்டு, கடைசியில் புன்னக்காயலில் கடலோடு கலக்கிறது.

அந்தக் கடலின் பெயர் மன்னார் வளைகுடா. ஒரு காலத்தில் உலகத்துக்கே முத்துக் கொடுத்த கடல் அது. அதன் அடியில் மணல் மட்டும் இல்லை. பாறைகள் இருக்கின்றன. பவளப் பூச்சிகள் கட்டிய கோட்டைகள் இருக்கின்றன. அந்தக் கோட்டைகளின் சந்து பொந்துகளில் ஒரு விசித்திரப் பிராணி குடியிருக்கிறது.

தலை மட்டும் வெளியே தெரியும். உடல் பொந்துக்குள் மறைந்திருக்கும். வாயைப் பிளக்கும், மூடும். மறுபடியும் பிளக்கும். உள்ளே ஊசி ஊசியாகப் பற்கள்! முதல் தடவை பார்ப்பவர்கள் பயந்து போவார்கள்.

அதுதான் அஞ்சாலை!

"அஞ்சாலை" என்பது கடலோர மக்கள் வைத்த பெயர். பெயரில் "அஞ்சு" இருக்கிறது. ஆனால் அதைக் கண்டு அஞ்சத்தான் வேண்டுமா? அதை வீட்டுக்குக் கொண்டு வந்து கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பவர்களும் இருக்கிறார்களே! அது சரிதானா? பார்ப்போம்.

பாம்பா? மீனா?

அஞ்சாலை பாம்பு அல்ல. மீன். அசல் மீன்!

மீனைப் போலவே செவுளால் மூச்சு விடுகிறது. ஆனால் மற்ற மீன்களுக்கு இருப்பது போல் நெஞ்சுத் துடுப்பு இதற்கு இல்லை. வயிற்றுத் துடுப்பும் இல்லை. முதுகிலே ஒரு நீண்ட துடுப்பு, தலைக்குப் பின்னால் ஆரம்பித்து வால் வரைக்கும் ஓடுகிறது. உடம்பில் செதில் கிடையாது. அதற்குப் பதிலாக வழவழப்பான ஒரு கோழை உடல் முழுவதும் பூசியிருக்கும். கரடுமுரடான பாறைப் பொந்தில் நுழையும்போது தோல் கிழியாமல் காப்பது அந்தக் கோழைதான்.

கடல் பாம்பு வேறு. அதற்குச் செதில் உண்டு. வால் படகின் துடுப்பு போலத் தட்டையாக இருக்கும். செவுள் இல்லாததால் மூச்சு விட அடிக்கடி தண்ணீருக்கு மேலே வரும். கடல் பாம்பின் கடி கொடிய விஷம். அஞ்சாலைக்குப் பாம்பு போன்ற விஷப்பல் கிடையாது. வலையில் சிக்கியது எது என்று சந்தேகம் வந்தால், பாம்பு என்றே நினைத்துத் தள்ளி நிற்பதுதான் புத்திசாலித்தனம்.

"விலாங்கு, பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த விலாங்கு, அஞ்சாலைக்குத் தூரத்து உறவு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. விலாங்குக்கு நெஞ்சுத் துடுப்பு உண்டு. அது ஆற்றிலும் குளத்திலும் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகும். அஞ்சாலையோ பெரும்பாலும் கடலிலேயே பிறந்து, கடலிலேயே வாழ்ந்து, கடலிலேயே முடிகிறது.

உலகத்தில் சுமார் 200 வகை அஞ்சாலைகள் இருக்கின்றன. ஓர் அடி நீளத்துக்குள் அடங்கும் குள்ளர்களும் உண்டு. 10 அடி நீளமும் 30 கிலோ எடையும் உள்ள பூதங்களும் உண்டு. எல்லாவற்றிலும் நீளமானது, கழிமுகச் சேற்றில் வளை தோண்டி வாழும் ஒரு மெலிந்த வகை. 1927-ம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பகுதியில் பிடிபட்ட ஒன்றின் நீளம் 3.94 மீட்டர். அதாவது, சுமார் 13 அடி! இரண்டு ஆட்களை ஒருவர் தலைமேல் ஒருவராக நிறுத்தினாலும் அதை எட்ட முடியாது.

ஏன் வாயைப் பிளக்கிறது?

அஞ்சாலையைப் பற்றி மனிதர்களுக்கு உள்ள பெரிய தப்பெண்ணம் இதுதான். "வாயைத் திறந்து திறந்து மூடுகிறதே, கடிக்கத்தான் வருகிறது!" என்று நினைக்கிறோம்.

உண்மை என்ன தெரியுமா? அது மூச்சு விடுகிறது! அவ்வளவுதான்.

மீன்கள் வாய் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்து, செவுள் வழியாக வெளியே விடுகின்றன. தண்ணீரில் கலந்துள்ள பிராணவாயுவைச் செவுள் எடுத்துக் கொள்கிறது. மற்ற மீன்களுக்குச் செவுளின் மேல் அகலமான மூடி உண்டு. அஞ்சாலைக்கு இருப்பதோ பக்கத்துக்கு ஒரு சின்னத் துவாரம். ஆகவே அது வாயை நன்றாகத் திறந்து தண்ணீரை விழுங்கி, துவாரத்தின் வழியே தள்ள வேண்டியிருக்கிறது. நமக்கு நெஞ்சு ஏறி இறங்குகிறதே, அதுபோலத்தான் அஞ்சாலைக்கு வாய் திறந்து மூடுகிறது.

பாவம்! மூச்சு விட்டதற்காகக் கெட்ட பெயர் வாங்கிய பிராணி இது.

பகலில் அஞ்சாலை பொந்தை விட்டு அதிகம் வெளியே வராது. இருட்டிய பிறகுதான் பெரும்பாலும் வேட்டை. கண் பார்வை மந்தம். ஆனால் மோப்ப சக்தி அபாரம்! மூக்கின் முனையில் இரண்டு சிறு குழாய்கள் நீட்டிக் கொண்டிருக்கும். நண்டு எங்கே, இறால் எங்கே, பேய்க்கணவாய் எங்கே என்று அவை கண்டுபிடித்து விடும்.

தொண்டைக்குள் இன்னொரு வாய்!

பெரும்பாலான மீன்கள் இரையை எப்படி விழுங்குகின்றன? வாயைச் சட்டென்று அகலமாக்கும். தண்ணீரோடு சேர்ந்து இரையும் உள்ளே உறிஞ்சப்படும். அஞ்சாலையால் அப்படிச் செய்ய முடியாது. குறுகிய பொந்தில் இருந்து கொண்டு கன்னத்தை உப்ப முடியுமா?

அதற்கு இயற்கை ஒரு வழி செய்திருக்கிறது. அஞ்சாலையின் தொண்டைக்குள் இன்னொரு ஜோடித் தாடை இருக்கிறது! அதிலும் பல் இருக்கிறது!

முன்வாய் இரையைக் கவ்விப் பிடித்ததும், தொண்டையில் பதுங்கியிருக்கும் இரண்டாவது வாய் முன்னுக்குப் பாய்ந்து வருகிறது. இரையைப் பற்றுகிறது. உணவுக் குழாய்க்குள் இழுத்துக் கொண்டு போகிறது. முன்வாய் விட்டாலும் பின்வாய் விடாது!

2007-ம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரீட்டா மேத்தா, பீட்டர் வெயின்ரைட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இந்த அதிசயத்தை வேகமான காமிராவில் படம் பிடித்து உலகத்துக்குக் காட்டினார்கள். தொண்டையில் பல் உள்ள மீன்கள் பல உண்டு. ஆனால் தொண்டைத் தாடை இவ்வளவு தூரம் முன்னே பாய்ந்து இரையை இழுப்பதை அதற்கு முன் யாரும் கண்டதில்லை.

அதே மேத்தாவும் ஒரு மாணவரும் 2021-ம் ஆண்டில் இன்னொரு செய்தி வெளியிட்டார்கள். பழக்கப்படுத்திய சில அஞ்சாலைகள் தண்ணீரை விட்டு வெளியே வந்து, சாய்வான மேடையில் வைத்திருந்த மீன் துண்டைக் கவ்வி, அங்கேயே விழுங்கி விட்டுத் திரும்பின! உறிஞ்சத் தண்ணீர் தேவையில்லை. இழுக்கத்தான் இரண்டாவது வாய் இருக்கிறதே! ஆழமில்லாத கடற்கரையில் அலை வடியும் போது, பாறை மேல் ஓடும் நண்டைப் பிடிக்க இந்தத் தந்திரம் உதவுகிறது.

பெரிய இரையைத் துண்டாக்க வேண்டுமானால் அஞ்சாலை இன்னொரு வித்தை செய்யும். தன் உடம்பையே முடிச்சுப் போட்டுக் கொள்ளும்! அந்த முடிச்சை வாலிலிருந்து தலைப்பக்கம் தள்ளி, இரையை அதில் அழுத்திப் பிய்த்துக் கொள்ளும்.

கலவாவும் அஞ்சாலையும் கூட்டு!

சாப்பாட்டுக்குப் பெயர் போன கலவா மீனை எல்லோருக்கும் தெரியும். பகலில் வேட்டையாடும் மீன் அது. திறந்த தண்ணீரில் பாய்ந்து பிடிக்கும். அதற்குப் பயந்து சின்ன மீன்கள் பாறை இடுக்கில் ஒளிந்து கொள்ளும். கலவாவின் பருத்த உடல் இடுக்கில் நுழையாது. என்ன செய்யும்?

நேராக அஞ்சாலையின் வீட்டுக்குப் போகும்! பொந்தின் வாசலில் நின்று தலையை வேகமாக ஆட்டும். "வா, வேட்டைக்குப் போகலாம்" என்று அதற்கு அர்த்தம். அஞ்சாலை வெளியே வரும். இரண்டும் சேர்ந்து கிளம்பும். அஞ்சாலை இடுக்கில் நுழையும். உள்ளே இருக்கும் மீன் வெளியே ஓடி வந்தால் கலவாவுக்கு. உள்ளேயே மாட்டிக் கொண்டால் அஞ்சாலைக்கு!

செங்கடலில் ரெடுவான் பிஷாரி என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் இதைப் பல நாள் கவனித்து, 2006-ம் ஆண்டில் எழுதினார்கள். சேர்ந்து போனால் இரண்டுக்குமே கூடுதல் இரை கிடைக்கிறது என்று கண்டார்கள். இரை எந்த இடுக்கில் ஒளிந்திருக்கிறது என்று, கலவா தலைகீழாக நின்று சுட்டிக் காட்டுவதும் பின்னால் தெரிய வந்தது.

அஞ்சாலைக்கு இன்னொரு சிநேகிதமும் உண்டு. சின்னஞ்சிறு இறால் வகை ஒன்று அதன் வாய்க்குள்ளேயே புகுந்து, பல் இடுக்கில் உள்ள அழுக்கைத் தின்று சுத்தம் செய்யும். அஞ்சாலை வாயைத் திறந்தபடி சாதுவாக இருக்கும்.

இப்படிப்பட்டதைக் கொடிய ராட்சசன் என்று சொல்லலாமா?

முத்துக் குளித்த கடலில்

புன்னக்காயல் பக்கத்துக் கடலுக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். பழைய கொற்கையும் பழைய காயலும் இந்தத் தாமிரபரணி முகத்தில்தான் இருந்தன. கடலுக்கடியில் உள்ள பாறைத் திட்டுகளைக் கடலோடிகள் "பார்" என்பார்கள். ஒவ்வொரு பாருக்கும் ஒரு பெயர் உண்டு. தூத்துக்குடிக்கு அப்பால் உள்ள தொள்ளாயிரம் பார் அவற்றில் பிரசித்தமானது. அந்தப் பார்களில்தான் முத்துச்சிப்பி விளைந்தது.

காலில் கல்லைக் கட்டிக் கொண்டு, ஒரே மூச்சில் அடியாழத்துக்குப் போய், சிப்பி பொறுக்கி வந்தார்கள் முத்துக் குளிப்பவர்கள். அவர்களுடைய பெரிய பயம் சுறா. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் "கடல் கட்டி" என்று பெயர். கி. பி. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த வெனிஸ் நகர யாத்திரிகர் மார்க்கோ போலோ, எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலியாகக் கிடைத்தது என்று எழுதியிருக்கிறார்.

சுறாவுக்கு மந்திரம் இருந்தது. பொந்தில் இருக்கும் அஞ்சாலைக்கு? அதற்கு ஒரே மந்திரம்தான்: "தெரியாத பொந்தில் கையை விடாதே!"

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ம் ஆண்டில். அதன் பிறகு சிப்பி விளையவில்லை. சங்கு குளிப்பவர்கள் மட்டும் இன்னும் கடலுக்கடியில் போகிறார்கள். பாறையில் சிங்கி இறால் தேடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு அந்த மந்திரம் இன்றைக்கும் பொருந்தும்.

கடிக்குமா?

கடிக்கும். எப்போது?

அதன் வீட்டுக்குள் கையை விட்டால் கடிக்கும். தூண்டிலில் மாட்டியதைக் கையால் பிடித்தால் கடிக்கும். கண் மந்தமான அதற்கு, இரை எது, விரல் எது என்று தெரியாமல் போனாலும் கடிக்கும்.

2005-ம் ஆண்டில் தாய்லாந்துக் கடலில் அப்படி ஒரு சம்பவம் நடந்தது. அங்கே ஒரு பெரிய அஞ்சாலைக்கு முக்குளிப்பவர்கள் கையாலேயே தீனி ஊட்டிப் பழக்கியிருந்தார்கள். தீனி எது? விரல் போலவே நீண்டு இருக்கும் இறைச்சிக் குழல்! ஒருநாள் அது தீனியோடு ஒருவருடைய கட்டை விரலையும் துண்டித்து விழுங்கி விட்டது. பிறகு டாக்டர்கள் அவருடைய கால்விரல் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துத் தைத்தார்கள்.

அது யார் குற்றம்? அஞ்சாலை தேடி வந்து கடிக்கவில்லை. மனிதன்தான் அதைத் தன் கைக்குப் பழக்கினான்.

கடித்து விட்டால் பதறிப் போய்க் கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பல் உள்நோக்கி வளைந்திருப்பதால் சதை கிழிந்து விடும். காயத்தைச் சுத்தமான தண்ணீரால் நன்றாகக் கழுவி, ரத்தத்தை அழுத்தி நிறுத்தி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கிருமி புகுந்து புண் சீழ் வைப்பதுதான் பெரிய அபாயம்.

சாப்பிடலாமா என்றும் சிலர் கேட்பார்கள். பல நாடுகளில் சாப்பிடுகிறார்கள். ஆனால் வெப்பக் கடலின் பவளப்பாறைகளில் வாழும் பெரிய அஞ்சாலைகளின் உடலில் சில சமயம் ஒரு விஷம் சேர்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைப் பாசியில் ஆரம்பித்து, அதைத் தின்னும் சிறு மீன், அதைத் தின்னும் பெரிய மீன் என்று ஏறி ஏறி வரும் விஷம் அது. கொதிக்க வைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது. வாடையும் கிடையாது, ருசியும் கிடையாது. சாப்பிட்டவருக்கு வாந்தி, பேதி வரும். வாய் மரத்துப் போகும். குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் சுடுவது போல இருக்கும்! பாறையில் வளர்ந்த பெரிய அஞ்சாலையைத் தவிர்ப்பதே நல்லது.

கண்ணாடிக் குழந்தை

அஞ்சாலையின் குஞ்சைப் பார்த்தால் அதன் பிள்ளை என்றே சொல்ல மாட்டீர்கள். முட்டையிலிருந்து வருவது, ஓர் இலையைப் போலத் தட்டையாக இருக்கும். கண்ணாடி போல ஊடுருவிப் பார்க்கலாம். அதன் அடியில் ஒரு காகிதத்தை வைத்தால் எழுத்தைப் படித்து விடலாம்!

அந்தக் கண்ணாடி இலை பல மாதங்கள் கடல் நீரோட்டத்தோடு மிதந்து போகும். பிறகு உருமாறி, உருண்டு, ஒரு பாறையைத் தேடி இறங்கும். ஒரு பொந்து கிடைத்தால் வாழ்வு. கிடைக்கா விட்டால் சாவு.

இந்த நீண்ட கடல் பயணத்தைக் கண்ணாடித் தொட்டியில் நடத்திக் காட்டுவது மிகவும் கடினம். ஆகவே கடைகளில் விற்கும் அஞ்சாலைகள் அநேகமாக எல்லாமே கடலில் பிடித்தவைதான். இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டின் பெயரில் ஓர் அஞ்சாலை!

கடலூர்ப் பக்கத்தில் முடசலோடை என்ற மீன்பிடித் துறை இருக்கிறது. அங்கே கரைக்கு வந்த மீன்களில் நான்கு சிறிய பழுப்பு நிற அஞ்சாலைகள் ஆராய்ச்சியாளர்கள் கண்ணில் பட்டன. மிகப் பெரியதே சுமார் ஒன்றரை அடி நீளம்தான்.  பல்லையும் முதுகெலும்பையும் எண்ணிப் பார்த்த போது, அதுவரை விஞ்ஞானம் அறியாத புது வகை என்று தெரிந்தது. அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? "ஜிம்னோதோராக்ஸ் தமிழ்நாடுயென்சிஸ்!" தமிழ்நாட்டின் பெயரைத் தாங்கிய அஞ்சாலை!

தினமும் ஏலம் போடும் மீன் குவியலில் இன்னும் என்னென்ன புதுமைகள் இருக்கின்றனவோ!

தோடு போட்ட மீன்!

அஞ்சாலையை வீட்டில் வளர்க்கும் ஆசை இன்று நேற்று வந்ததல்ல. 2 ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே ரோமாபுரிப் பணக்காரர்கள் கடலோர மாளிகைகளில் குளம் வெட்டி இதை வளர்த்தார்கள். அவர்கள் இதற்கு இட்ட பெயர்தான் "முரேனா". விஞ்ஞானிகள் இன்றும் அதையே வழங்குகிறார்கள்.

அந்தோனியா என்ற சீமாட்டி தன் செல்ல அஞ்சாலைக்குத் தோடு போட்டு அழகு பார்த்தாள்! கிராசஸ் என்ற பிரபு, தன் அஞ்சாலை செத்த போது தேம்பி அழுதாராம். "ஒரு மீனுக்காகவா அழுதாய்?" என்று எதிராளி கேலி செய்தார். "நீ மூன்று மனைவிகளைப் பறிகொடுத்தும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே!" என்று பதில் கிடைத்தது.

வேடியஸ் போலியோ என்பவன் கதை பயங்கரமானது. விருந்தில் கண்ணாடிக் கிண்ணத்தை உடைத்த ஓர் அடிமைப் பையனை, அஞ்சாலைக் குளத்தில் எறியும்படி அவன் உத்தரவு போட்டான். பையன் ஓடிப் போய், விருந்துக்கு வந்திருந்த சக்கரவர்த்தி அகஸ்டஸின் காலில் விழுந்தான். அகஸ்டஸ் என்ன செய்தார்? பையனை விடுவித்தார். போலியோவின் கண்ணாடிப் பாத்திரங்களை எல்லாம் கொண்டு வரச் சொல்லி, உடைத்து நொறுக்கினார். அந்தக் குளத்தையும் தூர்த்து விட்டார்!

அந்தக் குளத்தில் கொடியது எது? மீனா, மனிதனா?

கண்ணாடித் தொட்டியில் படும் பாடு

இப்போது ராஜாக்கள் வேண்டாம். வண்ண மீன் கடையில் பணம் கொடுத்தால் யாரும் ஓர் அஞ்சாலையை வாங்கி வரலாம். வாங்குமுன் சில விஷயங்களைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

கடைகளில் அதிகம் விற்பது, வெள்ளையும் கறுப்பும் மஞ்சளும் கலந்த "பனித்துளி அஞ்சாலை". சாதுவானது. நண்டு, இறால் தின்பது. அதனால் பல் மழுங்கி இருக்கும். வாங்கும்போது ஒரு சாண் இருக்கும். வளர்ந்தால் இரண்டு, மூன்று அடி! அதற்குக் குறைந்தது 300 லிட்டர் தொட்டி வேண்டும். சாதாரணத் தண்ணீர் உதவாது. லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு உள்ள கடல் நீர் வேண்டும். சமையல் உப்பைக் கரைத்து ஏமாற்ற முடியாது. நீரைச் சுத்தம் செய்யும் கருவி இரவும் பகலும் ஓட வேண்டும். மின்சாரம் நின்றால் மூச்சு நிற்கும். புகுந்து கொள்ளப் பாறையும் குழாயும் வேண்டும். ஒளிய இடம் இல்லாத அஞ்சாலை பயத்திலேயே நலிந்து விடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கனமான மூடி வேண்டும்! வீட்டில் வளரும் அஞ்சாலைகள் சாகும் முக்கியக் காரணங்களில் ஒன்று நோய் அல்ல, தப்பி ஓடுவது! வயர் போகும் சின்ன ஓட்டை இருந்தால் போதும். ராத்திரி அதன் வழியே நழுவி வெளியே விழும். காலையில் வீட்டார் எழுந்து பார்க்கும் போது தரையில் காய்ந்து கிடக்கும்.

கூடவே விட்ட சின்ன மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். தீனியைக் கையால் கொடுக்கக் கூடாது. குச்சியால்தான் கொடுக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு, மூன்று தடவை போதும்.

"நன்னீர் அஞ்சாலை" என்று சொல்லி இன்னொன்றை விற்பார்கள். அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அது நம் நாட்டுக் கழிமுக மீன். 1822-ம் ஆண்டிலேயே கங்கை மீன்களைப் பற்றிய தமது புத்தகத்தில் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் அதை எழுதி வைத்தார். புன்னக்காயல் போல, ஆறும் கடலும் கலக்கும் உவர் நீரில் வாழும் ஜாதி அது. வெறும் நல்ல தண்ணீரில் போட்டால் சில காலம் உயிரோடு இருக்கும். பிறகு தீனி எடுக்காது. மெலியும். சாகும். "மீன் ராசி இல்லை" என்பார்கள் வாங்கினவர்கள். ராசி என்ன செய்யும்? உப்பு இல்லை!

நாடா போல மெலிந்த நீல அஞ்சாலை இன்னும் பரிதாபம். சின்ன வயதில் கறுப்பு, வளர்ந்ததும் நீலம், அப்போது அது ஆண். பிறகு மஞ்சளாகிப் பெண்ணாகவே மாறி விடும்! இவ்வளவு அதிசயமான மீன், தொட்டியில் விட்டால் பெரும்பாலும் தீனியைத் தொடுவதே இல்லை. பட்டினி கிடந்தே உயிரை விடுகிறது. அழகாக இருக்கிறதே என்று வாங்குகிறவர்கள், ஒரு சாவைத்தான் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

அனுபவம் உள்ளவர்கள், பெரிய தொட்டி வைத்து, பல ஆண்டுகள் நன்றாகக் காப்பாற்றுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் குழந்தை கேட்டது என்பதற்காக வாங்கி வரும் பொம்மை அல்ல அஞ்சாலை.

வீடு போனால்?

தொட்டியில் சாவது ஒன்றிரண்டு. கடலில் வீட்டையே உடைத்தால்?

தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை கடலில் 21 தீவுகள் வரிசையாக உண்டு. ஒவ்வொன்றையும் சுற்றிப் பவளப்பாறை. 1986-ம் ஆண்டில் அரசாங்கம் அவற்றைக் கடல் தேசியப் பூங்கா ஆக்கியது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் பல ஆண்டுகள் பவளப்பாறையைக் கடப்பாரையால் பெயர்த்துக் கரைக்குக் கொண்டு வந்தார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்குப் போயிற்று. கட்டடத்துக்குப் போயிற்று.

பாறை என்பது வெறும் கல் அல்ல. அலையின் வேகத்தைத் தடுக்கும் மதில் அது. மதிலை எடுத்ததும் அலை தீவுகளின் மணலை அரித்தது. கடல் மட்டமும் உயர்ந்தது. இரண்டு தீவுகள் முழுகியே போய் விட்டன. ஒன்று பூவரசன்பட்டி. மற்றொன்றின் பெயர் என்ன தெரியுமா? விலாங்குசல்லி! பெயரைக் கேட்டாலே விலாங்கு நினைவுக்கு வரும் அந்தத் தீவு, இன்று தண்ணீருக்கு அடியில்.

தூத்துக்குடிக்குப் பக்கத்தில் உள்ள வான் தீவும் முழுகும் நிலைக்கு வந்தது. 1986-ல் 16 ஹெக்டேர் இருந்த தீவு, 2014-ல் 2 ஹெக்டேராகச் சுருங்கி விட்டது. 2001-ம் ஆண்டில் பவளத்தைச் சட்டம் போட்டுப் பாதுகாத்தார்கள். புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு! பிறகு பவளம் பெயர்ப்பதும் நின்றது. ஆனாலும் 2010-லும் 2016-லும் கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடாகி, பவளம் ஏராளமாக வெளுத்துச் செத்தது.

வான் தீவைக் காப்பாற்ற 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட செயற்கைப் பாறைகளைக் கான்கிரீட்டில் வார்த்து, தீவைச் சுற்றிக் கடலில் இறக்கினார்கள். அவற்றில் ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். அலை அடங்கியது. மணல் திரும்பச் சேர்ந்தது. ஓட்டைகளில் மீன்கள் குடியேறின.

பாறை இருந்தால் பொந்து. பொந்து இருந்தால் அஞ்சாலை. அஞ்சாலை இருந்தால் அதோடு கலவா, சிங்கி இறால், நண்டு எல்லாம் இருக்கும். வள்ளத்தில் போகிறவனுக்கு மடி நிறையும். புன்னக்காயல் போன்ற கரையோர ஊர்களில் அடுப்பு எரிவது அதனால்தான்.

ஆகவே, அஞ்சாலைக்கு அஞ்ச வேண்டாம். அதன் பொந்தில் கையை விடாமல் இருந்தால் போதும். அஞ்ச வேண்டியது, அஞ்சாலையே இல்லாத கடலுக்குத்தான்!